செல்லின் வாசலில் எட்டுப் பேர்

சென்ற மழைக்காலத்தில் என் தம்பிக்கு வயிற்றுப்போக்கு கண்டது. ஒரே இரவில் கண்கள் குழி விழுந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் பாயில் கிடந்தான். அம்மா உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைக் கரண்டி கரண்டியாக விடியும்வரை புகட்டினார்கள். அது காலரா அல்ல. ஆயினும், உடம்பிலுள்ள நீர் இப்படிக் கொட்டிப் போவது எதனால் என்ற கேள்வி என்னை விடவில்லை. உயிரியல் சிஸ்டரிடம் கேட்டேன். "செல்லிலிருந்து தொடங்கு" என்றார்கள்.

செல் சவ்வுக்குச் சேர வேண்டிய புரதங்கள் எண்டோபிளாச வலையில் உருவாகி, கோல்கை உறுப்பில் பக்குவமடைந்து, நுண்பைகளில் ஏறிப் புறப்படுகின்றன. ஆவடியில் இறக்க வேண்டிய மூட்டையை அம்பத்தூரில் இறக்கினால் யாருக்குப் பயன்? உரிய இடத்தில் பையைப் பிடித்து நிறுத்த ஆள் வேண்டும். அந்த ஆள் ஒருவரல்ல, எட்டுப் பேர்! எட்டுப் புரதங்கள் சேர்ந்த அக்கூட்டத்திற்கு எக்சோசிஸ்ட் என்று பெயர்.

இதைக் காட்டிக் கொடுத்தது ஆப்ப மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட்தான். கலிபோர்னியாவில் பெர்க்லி நகரில் ராண்டி ஷெக்மன் என்பவரும் அவர் மாணவர் பீட்டர் நோவிக்கும் 1979-இல் ஒரு விந்தையான ஈஸ்ட்டைக் கண்டார்கள். மிதமான சூட்டில் அது நன்றாக வளர்ந்தது. 37 டிகிரி சூட்டில் வைத்தாலோ வளர்ச்சி நின்று, வெளியேற வழியற்ற நுண்பைகள் செல்லுக்குள் நெரிந்து கிடந்தன. இவ்வாறு பழுதான மரபணுக்களை ஒவ்வொன்றாகத் தேடியதன் பயனாக, 1996-இல் நோவிக் குழுவினர் எக்சோசிஸ்டுக்குப் பெயரிட்டனர். ஷெக்மனுக்கு 2013-இல் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

நுண்பையின் மேல் ராப் என்னும் சிறு புரதம் விலாசச் சீட்டுப்போல ஒட்டியிருக்கும். எண்மரில் செக்15 அச்சீட்டைப் பற்றும். செக்3, எக்சோ70 இரண்டும் சவ்விலுள்ள ஒருவகைக் கொழுப்பைப் பற்றும். படகைக் கரையில் கட்டுவதுபோல்தான். கட்டிய பின் ஸ்நேர் என்னும் வேறு புரதங்கள் முறுக்கிக் கொண்டு, பையையும் சவ்வையும் ஒன்றாக்கி விடுகின்றன.

இனி காலராவுக்கு வருவோம். கல்கத்தாவில் டாக்டர் சம்புநாத் டே, முயலின் குடலில் ஒரு துண்டை இரு பக்கமும் கட்டி, கிருமியே இல்லாத வடிநீரை உள்ளே செலுத்தினார். துண்டு நீரால் உப்பியது! கிருமி சுரக்கும் நச்சே போதும் என்று 1959-இல் உலகுக்கு அறிவித்தார். நோபல் அறிஞர் ஜோஷுவா லெடர்பர்க் அவர் பெயரைப் பரிந்துரைத்தும் பரிசு கிட்டவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

அந்நச்சு குடல் செல்லிலிருந்து உப்பை வெளியேற்றும், நீர் பின்தொடரும். அதோடு முடியவில்லை என்பதை 2013-இல் ஒரு குழுவினர் பழ ஈயிலும் எலிக் குடலிலும் கண்டார்கள். அருகருகே உள்ள செல்களை ஒட்டவைக்கும் புரதங்களை எல்லைக்குக் கொண்டு சேர்ப்பது ராப்11-உம் எக்சோசிஸ்டும். நச்சு இவ்விரண்டையும் முடக்கவே, ஒட்டு தளர்ந்து சுவரில் இடுக்கு விழுகிறது. டே அவர்கள் கையாண்ட அதே குடல் கட்டும் முறை இங்கும் பயன்பட்டது.

ஆனால் சர்க்கரையையும் உப்பையும் சேர்த்து உள்ளிழுக்கும் வாயில் ஒன்று குடலில் உண்டு. நச்சு அதைத் தொடுவதில்லை. 1971-இல் வங்காள அகதிகள் தங்கிய போன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் அந்த வாயிலை நம்பித்தான் உப்புச் சர்க்கரை நீரைக் கொடுத்தார். நூற்றுக்கு இருபது முப்பது பேர் மடிந்த இடத்தில், சாவு நான்கிற்கும் கீழே இறங்கியது.

அன்று விடிகாலையில் மூன்றாவது தம்ளர் முடிந்ததும் தம்பி எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டான். அம்மா கஞ்சிதான் கொடுத்தார்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, வெள்ளானூர்