குடிக்க ஒரு தொட்டி, கிணற்றுக்கு ஒரு குழாய்

தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதிலிருந்து, சென்னையில் பெரும்பாலான வீடுகளின் வாசல் ஓரத்தில் ஒரு குழி இருக்கிறது. தோண்டிய பிறகு மூடியைத் திறந்தே பார்க்காத வீடுகளும் நிறைய. மாடியில் விழும் நல்ல தண்ணீர் அந்தக் குழிக்குப் போகிறது. வீட்டுக்குள் கேன் தண்ணீர் வருகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு நகரமே லாரிக்குக் காத்திருந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்த முரண் உறைக்க வேண்டும். பிடித்த மழையைத் தொட்டியில் வைப்பதா, மண்ணுக்கு அனுப்புவதா? முதலில் இதை முடிவு செய்யுங்கள். ஃபில்டர், மெஷின் பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் மாடியில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. பெய்கிறது. ஆவியாவதும் வீணாவதும் போக ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். ஆனால் அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. அவ்வளவையும் பிடித்துவைக்கச் சராசரி வீட்டில் இடம் கிடையாது.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இருக்கிற சம்ப்பிலேயே மழைநீரை விட்டுவிடுகிறார்கள். நாலு பேர் உள்ள குடும்பம் குளிக்க, துவைக்க, கழிவறைக்கு என்று நாளைக்கு 500 லிட்டருக்கு மேல் செலவழிக்கும். அந்தக் கணக்கில் 5,000 லிட்டர் பத்து நாள்கூடத் தாங்காது. லாரித் தண்ணீர் அதே சம்ப்பில் கலந்தால் மழைநீரின் சுத்தமும் அதோடு போயிற்று. அதே 5,000 லிட்டரைக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் என்று தனியாக ஒதுக்கிப் பாருங்கள். நாளைக்கு 20 லிட்டர் எடுத்தால் 250 நாள் வரும். டிசம்பர் கடைசியில் நிரம்பிய தொட்டி ஆவணி வரை கைகொடுக்கும்; நடுவில் கோடை இடிமழை வந்தால் இன்னும் கூடுதல். எனவே என் பரிந்துரை இதுதான்: குடிநீருக்குத் தனித் தொட்டி, அது நிரம்பி வழிவது கிணற்றுக்கு.

தொட்டி எது என்றால், தரைக்கு மேலே வைக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்கே என் ஓட்டு. வெளிச்சம் புகாததால் பாசி பிடிக்காது. கசிந்தால் கண்ணில் படும். சிமென்ட் சம்ப்புக்கும் ஒரு நன்மை உண்டு. மழைநீர் லேசான அமிலத்தன்மை உடையது. சிமென்ட்டின் சுண்ணாம்பு அதைச் சமன்செய்யும். ஆனால் பக்கத்தில் செப்டிக் டேங்க் இருந்தாலோ, வேளச்சேரி, முடிச்சூர் போலத் தண்ணீர் தேங்கும் பகுதியாக இருந்தாலோ, சம்ப்பைக் குடிநீருக்கு நம்பாதீர்கள். வெள்ளத்தில் சாக்கடை உள்ளே வந்துவிடும். எந்தத் தொட்டியானாலும் மூடி இறுகப் பொருந்த வேண்டும். வழிகுழாய் வாயில் கொசுவலை கட்ட வேண்டும். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

முதல் மழையை வெளியே விடும் ஏற்பாட்டைத்தான் இந்த வேலை முழுவதிலும் முக்கியமாக நினைக்கிறேன். மாடித் தூசி, புறா எச்சம், வாகனப் புகைக் கரி எல்லாம் முதல் ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் அடித்துக்கொண்டு வரும். 93 சதுர மீட்டருக்கு அது குறைந்தது 93 லிட்டர். பிளம்பர்கள் பெரும்பாலும் நாலு அங்குலக் குழாய் ஒரு மீட்டர் இறக்கி மூடிபோட்டு, முதல் தண்ணீருக்கு இது போதும் என்பார்கள். அந்தக் குழாயில் 8 லிட்டர்தான் பிடிக்கும். நூறு லிட்டர் டிரம் ஒன்றை வையுங்கள். அடியில் சிறு குழாயைச் சொட்டுச் சொட்டாக ஒழுக விட்டால் அடுத்த மழைக்கு அது தானே காலியாகியிருக்கும். மாடியைப் புரட்டாசியிலேயே கழுவிவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம். அது கிணற்றுக்குப் போகட்டும்.

வடிகட்டுவதில் இரண்டு வழிகள் புழங்குகின்றன. ஜல்லி, மணல், கரி அடுக்கிய டிரம் மலிவு, வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் மணிக்கு 50 மி.மீ. கொட்டும்போது நம் மாடியிலிருந்து நிமிடத்துக்கு எழுபது லிட்டருக்கு மேல் இறங்கும். மணல் அத்தனையை விடாது. டிரம் பொங்கி வழியும். சுவரில் பொருத்தும் சல்லடை ஃபில்டர் அந்த வேகத்தைத் தாங்கும். இலை, மண்ணை நிறுத்தும், கிருமியை நிறுத்தாது. தொட்டிக்குள் போகும் வழியில் சல்லடை போதும். நுண்ணிய வடிகட்டலைக் குழாய் முனையில் வையுங்கள். அங்கே நாளைக்கு இருபது லிட்டர்தானே!

அடுத்தது சுத்திகரிப்பு. ஆர்.ஓ. வாங்காதீர்கள். அது உப்பை நீக்கும் கருவி. மழைநீரில் நீக்க உப்பே இல்லை. ஒரு பங்கு தண்ணீர் தர இரண்டு மூன்று பங்கைச் சாக்கடைக்கும் அனுப்பும். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடைசெய்யுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. மழைநீரின் முக்கியப் பிரச்சினை கிருமிதான். யு.வி. விளக்கு அதை நன்றாகக் கொல்லும். தண்ணீர் தெளிவாகவும் மின்சாரம் தடையின்றியும் இருக்க வேண்டும். 2016 வர்தா புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் இருந்தவர்கள் யு.வி.யை மட்டும் நம்ப மாட்டார்கள். மின்சாரம் வேண்டாத யு.எஃப். சவ்வு ஃபில்டர் நல்ல துணை. எல்லாவற்றையும்விட நம்பகமானது அடுப்பு: தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். தொட்டி முழுவதற்கும் பாதுகாப்பு வேண்டுமானால் குளோரின் போட்டு அரை மணி நேரம் கழித்துச் சோதியுங்கள், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரியைக் கொடுத்துப் பாருங்கள்.

தொட்டி வழிந்தபின் போகுமிடம் மண்ணைப் பொறுத்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோர மணலில் சாதாரண உறிஞ்சு குழியே சரசரவென்று இழுத்துக்கொள்ளும். கடல் உப்பு நிலத்தடியில் உள்ளே வராமல் தள்ளவும் உதவும். அண்ணா நகர், அசோக் நகர்க் களிமண்ணில் அதே குழி குளமாக நிற்கும். களிமண் அடுக்கைத் தாண்டும் அளவுக்கு ஆழமாகத் துளையிட்டு ஜல்லி நிரப்ப வேண்டும். பழைய திறந்த கிணறு இருந்தால் வேறெதையும் தேடாதீர்கள். தூர்வாரி, மாடி நீரை அதிலேயே விடுங்கள். போர்வெல்லுக்குள் நேரே விடுவது கடைசி வழி: மண் போய் அடைத்தால் போர் வீணாகும், அழுக்கு போனால் தெருவின் நிலத்தடி நீரே கெடும். கார் நிற்கும் முற்றத்துத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருக்கும் என்பதால் அது போர்வெல் பக்கமே போகக் கூடாது.