மைஸிரும் லாட்டரிச் சீட்டும்

"லாட்டரிப் பணம் நல்ல காரியத்துக்குத்தானே போகிறது?" என்று மூலக்கொத்தளத்துச் சகோதரர் ஒருவர் நம்மிடம் கேட்டார். இக்கேள்வி பழையது.

அறியாமைக் காலத்து அரபிகள் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைக் குலுக்கி எடுப்பர். ஏழுக்குப் பங்குண்டு, மூன்று வெற்று. வெற்றம்பு பெற்றவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்களோ இறைச்சியை ஏழைகளுக்கே வழங்கினர். இதுவே மைஸிர். அதில் சில பயன்கள் இருப்பினும் பாவமே பெரிது என்றது திருமறை (2:219). பின்னர் அறவே விலக்கியது (5:90).

தமிழக அரசும் 1968இல் மக்கள் நலனுக்கென்றே பரிசுச் சீட்டைத் தொடங்கியது. கூலிக் குடும்பங்கள் பல நொந்தன. 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்டது. இன்றும் மறைவாக விற்கும் சீட்டை வாங்காதீர்கள். கூலியை வீட்டில் கொடுங்கள். ஏழைக்கு உதவ ஸதகா இருக்கிறது. அல்லாஹ் நம்மைக் காப்பானாக! ஆமீன்.