எழுபது வளைவும் என் மூச்சுக் கணக்கும்

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



கொல்லிமலையில் வளப்பூர் நாடு என் ஊர். அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கிற நாடு என்றால் பலருக்குத் தெரியும். எங்கள் வீட்டில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் நான்தான். முதல் வருடமே கணக்கில் அரியர் வைத்தவனும் நான்தான்! இன்டெக்ரேஷன் என்றாலே வயிற்றைக் கலக்கும். அதை எனக்குப் புரிய வைத்தது, காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்றால் நம்புவீர்களா?

எங்கள் ஆசிரியர் ஒருவர் சைக்கிள் பிரியர். பெடலில் பவர் மீட்டர் பொருத்திய தம் கியர் சைக்கிளை ஒரு மாதம் என்னிடம் கொடுத்தார். மலைக்காரனுக்கு மலை ஏறச் சொல்லித்தர வேண்டுமா என்ற திமிரில் முதல் ஞாயிறு ஜோராகக் கிளம்பினேன். 11-வது வளைவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலை ஊன்றி, ரோட்டோரக் கட்டைச்சுவரில் உட்கார்ந்துவிட்டேன். அவ்வழியே வந்த மினி லாரிக்காரர்தான் சைக்கிளோடு ஏற்றிக்கொண்டார்.

சிறு வயது முதல் மிளகு மூட்டை சுமந்து மலைப்பாதையில் நடந்தவர் என் அப்பா. கேட்டுவிட்டுச் சிரித்தார். "மொத மேட்டுலயே மூச்சைக் குடுத்துட்டா, கடைசி மேட்டுக்கு எதைடா வெச்சிருப்ப?"

அப்பா கேட்டதற்கு விஞ்ஞானத்தில் ஒரு கணக்கு இருக்கிறது.

சம்பளமும் உண்டியலும்

நம் தசைகளுக்கு இரண்டு வழியில் சக்தி கிடைக்கிறது. ஒன்று, ஆக்சிஜனைக் கொண்டு எரித்துப் பெறுவது. இது மாதச் சம்பளம் மாதிரி; வந்துகொண்டே இருக்கும். மற்றொன்று, ஆக்சிஜன் போதாத அவசரத்தில் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினிலிருந்தும், சர்க்கரையை லாக்டேட்டாக மாற்றியும் பெறுவது. இது உண்டியல் காசு. உடனே எடுக்கலாம், ஆனால் கொஞ்சம்தான் இருக்கும்.

சம்பளத்துக்குள் செலவு செய்யும் எல்லையைக் 'கிரிட்டிக்கல் பவர்' என்கிறார்கள். உண்டியலின் அளவுக்கு 'டபிள்யூ பிரைம்' என்று பெயர். 1965-இல் மோனோ, ஷெரர் என்ற இருவர் தசைகளுக்கு இந்தக் கணக்கை வகுத்தார்கள். 1981-இல் மொரிதானி குழுவினர் அதைச் சைக்கிள் மிதிப்பதற்குப் பொருத்திக் காட்டினார்கள். உண்டியல் முழுக்க ஆக்சிஜன் இல்லாச் சக்தி மட்டுமே என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ரோட்டில் கணக்குப் பார்க்க இது போதும்.

பெடலுக்குள் நம் லேப்

பவர் மீட்டரில் மாயம் ஒன்றும் இல்லை. நாம் லேபில் பார்த்த அதே ஸ்ட்ரெயின் கேஜ், அதே வீட்ஸ்டன் பிரிட்ஜ்தான். மிதிக்கும்போது உலோகம் மிக மிக நுட்பமாக வளைகிறது. கேஜின் மின்தடை மாறுகிறது. அதிலிருந்து டார்க் கிடைக்கிறது. டார்க்கைக் கோண வேகத்தால் பெருக்கினால் பவர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதிக்கும்போது டார்க் 28.65 நியூட்டன் மீட்டர் என்றால், பவர் 180 வாட். சைக்கிளுக்கு இப்படி ஒரு கருவியை 1986-இல் செய்தவர் உல்ரிச் ஷோபரர் என்ற ஜெர்மன் பொறியாளர். இன்று அந்த எண் ப்ளூடூத் வழியாக நொடிக்கொரு தரம் போனுக்கு வந்துவிடுகிறது.

என் உண்டியல் எவ்வளவு?

இரண்டு சோதனை செய்தேன். முழு மூச்சாக 3 நிமிடம் மிதித்ததில் சராசரி 260 வாட். மறுநாள் 12 நிமிடத்துக்கு 200 வாட். வாட்டை நொடியால் பெருக்கினால் ஜூல்.

3 நிமிட வேலை: 260 × 180 = 46,800 ஜூல்.
12 நிமிட வேலை: 200 × 720 = 1,44,000 ஜூல்.
வித்தியாசம் 97,200 ஜூல். இதை 540 நொடியால் வகுத்தால் 180 வாட். இதுதான் என் கிரிட்டிக்கல் பவர்.
உண்டியல்: 46,800 − (180 × 180) = 14,400 ஜூல்.

நானும் சைக்கிளும் சேர்ந்து 65 கிலோ. 1,000 மீட்டர் உயரம் ஏற 65 × 9.81 × 1,000, அதாவது சுமார் 6,38,000 ஜூல் வேண்டும். என் உண்டியல் அதில் நூற்றுக்கு இரண்டே கால் பங்குதான்! அந்த இரண்டே காலைக் கண்டபடி செலவழித்ததுதான் என்னைக் கட்டைச்சுவரில் உட்கார வைத்தது.

எங்கே தப்பு செய்தேன்?

போனில் பதிவானதைக் கிராஃப் போட்டுப் பார்த்தேன். செங்குத்தான இடங்களில் 300 வாட். நொடிக்கு 120 ஜூல் காலி. சரி, வளைவு தாண்டி இளைப்பாறினேனே? அங்கேயும் 170 வாட் மிதித்திருக்கிறேன்!

உண்டியல் திரும்ப நிரம்பும் கணக்கை 2012-இல் ஸ்கிபா குழுவினர் வெளியிட்டார்கள். பின்னால் வந்த அதன் எளிய வடிவம் இது: கிரிட்டிக்கல் பவரிலிருந்து இப்போதைய பவரைக் கழித்து, உண்டியலில் காலியான பங்கால் பெருக்க வேண்டும். பாதி காலியான நிலையில் 170 வாட் மிதித்தால் நொடிக்கு 5 ஜூல்தான் சேரும். 120 வாட்டுக்கு இறங்கினால் 30 ஜூல் சேரும். கெபாசிட்டர் சார்ஜ் ஆவது போலத்தான். நிரம்ப நிரம்ப வேகம் குறையும். 300 வாட்டில் ஒரு நொடி போனதை மீட்க, 120 வாட்டில் 4 நொடி வேண்டும். 170 வாட்டில் 24 நொடி!

கிராஃபில் 180-க்கு மேலே இருந்த பரப்பைப் பென்சிலால் நிழலடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பரப்புதான் போன ஜூல். வளைகோட்டின் கீழ்ப் பரப்பு என்று வகுப்பில் சொன்னார்களே, அந்த இன்டெக்ரேஷன் இதுதானா!

கவனத்தில் கொள்க

மலை ஏற ஏறக் குளிர் கூடும்; வெப்பநிலை மாறினால் கேஜின் அளவும் நகரும். எனவே கிளம்பும் முன் ஜீரோ அட்ஜஸ்ட் செய்ய மறக்காதீர்கள். வளைவில் போனைப் பார்க்கக் கூடாது, பஸ் வரும். எல்லை தாண்டினால் ஒலி எழுப்பும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பவர் மீட்டர் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. கவலை வேண்டாம். உயரம் தெரிந்த ஒரு மேட்டை வாட்ச் பார்த்து ஏறுங்கள். 65 கிலோ, 50 மீட்டர் உயரம், 4 நிமிடம் என்றால் சுமார் 133 வாட். டயர், காற்று இவற்றின் தடைக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் ஏறக்குறைய விடை கிடைத்துவிடும்.

மறுபடியும் காரவள்ளி

நான்காவது ஞாயிறு. செங்குத்தில் 210-ஐத் தாண்டவில்லை. சாய்வு குறைந்த இடத்தில் 120-க்கு இறங்கினேன். ஆரம்பத்தில் இரண்டு பேர் என்னை முந்திப் போனார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டேன். 70-வது வளைவைக் கால் ஊன்றாமல் கடந்தபோது, போன் கணக்கில் உண்டியலில் 5,000 ஜூல் மிச்சம். முந்தியவர்களில் ஒருவரை வழியில் கட்டைச்சுவரில் பார்த்தேன்!

அப்பாவிடம் கிராஃபைக் காட்டினேன். "இதைத்தானே நான் சொன்னேன், இதுக்கு எதுக்குடா மெஷினு?" என்றார். உண்மைதான். ஆனால் அப்பாவுக்கு அது தெரிய முப்பது வருடச் சுமை வேண்டியிருந்தது. எனக்கு ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. அவர் உடம்பில் இருந்த அறிவை எண்ணாக எழுதியதால், இப்போது உங்களுக்கும் சொல்ல முடிகிறது. படிப்பின் பயன் இதுதான் என்று நினைக்கிறேன்.

அரியர் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அடுத்த தேர்வில் இன்டெக்ரேஷன் கேள்வியை விடாமல் எழுதினேன். 52 மார்க். பாஸ்!