பழைய மடிக்கணினியும் புதிய இயங்குதளமும்

(பத்தாம் வகுப்பு மாணவி)

முன்னுரை

கணினி இல்லாத அலுவலகமோ கடையோ இன்று அரிது. அதைப் பயன்படுத்துவோர் பலர். அஃது எவ்வாறு இயங்குகிறது என்று கேட்போர் சிலர். அதை இயக்கும் தளத்தைத் தாமே எழுதிப் பார்க்க விரும்புவோர் மிகச் சிலர். அந்த மிகச் சிலருள் நம் தோழியரும் இருக்க வேண்டும் என்பது என் ஆவல். விலையுயர்ந்த கருவி வேண்டுமே என்று அஞ்ச வேண்டாம். பிறர் கழித்துவிட்ட மலிவான மடிக்கணினியே இப்பணிக்கு மிகவும் ஏற்றது. அதன் காரணத்தையும், தேர்ந்தெடுக்கும் முறையையும் காண்போம்.

இயங்குதளம் என்பது யாது?

விண்டோஸ், லினக்ஸ் போன்றவை இயங்குதளங்கள். விசையை அழுத்தினால் எழுத்தைத் திரையில் காட்டுவதும், வட்டில் கோப்புகளைச் சேமிப்பதும், நினைவகத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதும் இவற்றின் பணிகள். சாதாரண நிரலை எழுதுபவருக்கு இயங்குதளம் துணை நிற்கிறது. இயங்குதளத்தையே எழுதுபவருக்கோ அத்துணை இல்லை; கணினியின் ஒவ்வோர் உறுப்புடனும் அவரே நேராகப் பேச வேண்டும். ஆகவே உறுப்புகள் எளியவையாகவும், அவற்றின் விளக்க நூல்கள் கிடைப்பவையாகவும் இருத்தல் வேண்டும். வேகம் இரண்டாம் பட்சமே.

தனிக் கணினி ஏன்?

1991ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தம் 21ஆம் வயதில் லினக்ஸை எழுதத் தொடங்கினார். ஒரு நாள், மோடத்திற்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்வட்டிற்கு அனுப்பிவிட்டார். வட்டிலிருந்த மினிக்ஸ் இயங்குதளம் பாழாயிற்று. அது அவருடைய சொந்தக் கணினி. இழப்பு அவரோடு நின்றது. நம் வீடுகளிலோ அப்பாவின் கணக்கு, அண்ணனின் கல்லூரிப் பாடம், குடும்பப் படங்கள் யாவும் பெரும்பாலும் ஒரே கணினியில் உள்ளன. தவறான ஓர் எண் போதும், அத்தனையும் போய்விடும். நம் ஆர்வத்திற்காகப் பிறர் உடைமையைப் பணயம் வைத்தல் தகாது.

தொடக்கத்தில் கியூஎம்யூ என்னும் இலவச நிரலில் பழகலாம். அது கணினிக்குள் ஒரு போலிக் கணினியை உண்டாக்கும். நாம் எழுதியது அதனுள்ளேயே ஓடும். ஆனால் போலிக் கணினி நம் பிழைகள் பலவற்றை மன்னித்துவிடுகிறது. அதன் நினைவகம் தொடக்கத்தில் பூச்சியங்களாக இருக்கும். மெய்க் கணினியிலோ ஏதேதோ எண்கள் கிடக்கும். எனவே இறுதிச் சோதனை மெய்க் கணினியில்தான்.

கவனிக்க வேண்டிய ஐந்து

1. தொடங்கும் முறை: பழைய கணினிகளில் பயாஸ் என்னும் சிறு நிரல், வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படிக்கும். அவற்றின் கடைசி இரு பைட்டுகள் 85, 170 என்று இருந்தால் ஆட்சியை நம் நிரலிடம் ஒப்படைத்துவிடும். எவ்வளவு எளிய ஒப்பந்தம்! புதியவற்றில் யூஇஎஃப்ஐ என்னும் விரிவான முறை உள்ளது. பழைய முறைக்கான ஆதரவை 2020க்குள் நிறுத்தப்போவதாக இன்டெல் 2017இல் அறிவித்தது. 2012இல் வந்த திங்க்பேட் டி430 போன்றவற்றில் இரு முறைகளும் உண்டு, இரண்டையும் கற்கலாம்.

2. விசைப்பலகை: உள் விசைப்பலகை பிஎஸ்/2 முறையில் இணைந்திருப்பது நன்று. சில வரிகளிலேயே அழுத்திய விசையை அறியலாம். யூஎஸ்பி முறைக்கு நீண்ட நிரல் தேவை.

3. தொடர்முனை: இது பின்புறம் ஒன்பது ஊசிகள் கொண்ட இணைப்பு. நம் நிரல் தடுமாறும்போது கணினி திடீரென்று மறுபடி தொடங்கிவிடும். திரையில் இருந்த செய்தியும் மறையும். தொடர்முனை வழியே மற்றொரு கணினிக்கு அனுப்பிய செய்தியோ அங்கே நிலைத்திருக்கும். பிழையைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த துணை இல்லை.

4. கம்பிவழி வலை: இன்டெல் வலைச் சில்லுகள் பலவற்றிற்கு விளக்க நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. கம்பியில்லா வலையைத் தொடக்கத்தில் நாட வேண்டாம், அது கடினம்.

5. செயலியும் நினைவகமும்: கோர் 2 டுவோ செயலியும் 2 ஜிகாபைட் நினைவகமும் தாராளம். டோர்வால்ட்ஸிடம் இருந்தது வெறும் 4 மெகாபைட்!

எல்லா நலனும் ஒன்றிலேயே அமைவது அரிது. 2007இல் வந்த டெல் லாட்டிட்யூட் டி630இல் தொடர்முனை உண்டு. இன்டெல் வலைச் சில்லு இல்லை. 2008இல் வந்த திங்க்பேட் டி400இல் இன்டெல் வலைச் சில்லு உண்டு. உடலில் தொடர்முனை இல்லை. முதன்முதல் கற்பவருக்குத் தொடர்முனையே முக்கியம் என்பதால் நான் டி630க்கே வாக்களிப்பேன். ஆனால் அதில் இன்டெல் வரைகலை உள்ளதையே வாங்குக. தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றில் குறை உண்டென்று என்விடியா நிறுவனமே 2008இல் ஒப்புக்கொண்டது. அக்குறைக்கு ஆளானவற்றுள் டி630உம் ஒன்று.

கடையில் செய்யும் சோதனை

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய மடிக்கணினிகள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. பெற்றோருடன் செல்க. லினக்ஸ் உள்ள யூஎஸ்பி குச்சி ஒன்றைக் கையோடு கொண்டு செல்க. எஃப்12 விசையை அழுத்தி அதிலிருந்து தொடங்கச் செய்து, உள்ளிருக்கும் உறுப்புகளின் பட்டியலைக் குறித்துக்கொள்க. பயாஸ் கடவுச்சொல் கேட்டால் அக்கணினி வேண்டாம். அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். எல்லா விசைகளையும் தட்டிப் பார்க்க. மின்கலம் நீடித்து உழைக்காவிடினும் குற்றமில்லை, மின்னூட்டியில் ஓட்டலாம். ஆனால் உப்பிய மின்கலம் ஆபத்தானது, தொடவே வேண்டாம். ரசீது கேட்டு வாங்குக.

முடிவுரை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கருவி பழையது என்று குறை கூறாமல், உள்ளதைக் கொண்டு கற்போம். கறுப்புத் திரையில் நாம் எழுதிய நிரல் ஒரே ஓர் எழுத்தைக் காட்டினாலும், அந்த எழுத்துக்கும் மின்சாரத்திற்கும் இடையே நடந்தவற்றை அறிந்தவர்கள் ஆவோம். தோழியரே, கணினியைப் பயன்படுத்துவதோடு நில்லாமல் அதை ஆளவும் கற்போமாக!