டேட்டாபேஸுக்கு சர்வர் வாங்கும் முன்...

கோர் கூடக்கூட நல்லது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். செலவு பதுங்கியிருப்பதும் அங்கேதான். ஆரக்கிள் என்டர்பிரைஸ் பதிப்பின் லைசென்ஸ் கணக்கே கோரை வைத்துத்தான்: 16 கோர் இன்டெல் சிப்புக்கு 8 லைசென்ஸ் போதும்; ஐபிஎம் பவர் 10 சிப்பில் அதே 16 கோருக்கு 16 வேண்டும். அதனால் கோர் குறைவாகவும் வேகம் அதிகமாகவும் உள்ள சிப்பே பெரும்பாலும் லாபம். போஸ்ட்கிரெஸ் என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

மிச்சமாகும் பணத்தை மெமரியில் போடலாம். பிழை திருத்தும் இசிசி ரகமாக இருக்கட்டும்.

எஸ்எஸ்டியில் மின்தடைப் பாதுகாப்பு உண்டா என்று விசாரிப்பது அவசியம். திடீரென்று கரண்ட் போனாலும் அதிலுள்ள கெபாசிட்டர்கள், பாதியில் நிற்கும் தரவை எழுதி முடிக்கும் அளவுக்குத் தாக்குப்பிடிக்கும். லேப்டாப்புக்கான மலிவு ரகங்களில் இதை எதிர்பார்க்க முடியாது.

விற்பவரின் வேக அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, சொந்த டேட்டாபேஸின் நகலை ஏற்றி, மாதக் கடைசி பில்லிங்கை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுக்கலாம்.