கவசம் சாத்திய பிறகு

தம்பி,

திருவொற்றியூர் கோயிலின் கார்த்திகைப் பௌர்ணமித் திருவிழா மருத்துவ முகாம் பற்றி நீ எழுதிய அறிக்கை என் கைக்கு வந்தது. ஒரே மூச்சில் படித்தேன். கடைசிப் பக்கத்தில் எரிச்சல் வந்துவிட்டது.

"ஆதிபுரீஸ்வரர் கவசம் திறந்திருந்த மூன்று நாளும் நோய்ப் பரவல் ஏதும் இல்லை" என்று முடித்திருக்கிறாய். மூன்று நாளில் எப்படியப்பா தெரியும்? டைபாய்டு காய்ச்சலாக வெளியே வர ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். ஏ வகை மஞ்சள் காமாலைக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். அவசரக்காரியான காலராவே சில மணி நேரத்திலும் வரும், ஐந்து நாள் கழித்தும் வரும். மூன்றாம் நாள் ராத்திரி தண்ணீர்ப் பந்தலில் குடித்தவருக்கு வயிற்றால் போக ஆரம்பிக்கும்போது நீ ஷாமியானாவைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருப்பாய். உன் ரிஜிஸ்டரில் இருப்பதெல்லாம் தலைசுற்றல், கால் வீக்கம், சர்க்கரை குறைந்து மயக்கம். வரிசையில் நின்ற களைப்பைத்தான் எண்ணியிருக்கிறாய்.

கூட்டத்தின் நோய் கூட்டத்தோடு ஊருக்குப் போய்விடும். 2020இல் கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட்டை மே 5ஆம் தேதி மூடினார்கள். கேஸ்கள் எங்கே தெரிந்தன? மூட்டை தூக்கியவர்கள் ஊர் திரும்பிய கடலூரில், அரியலூரில், விழுப்புரத்தில். 2000ஆம் ஆண்டு ஹஜ் முடிந்து திரும்பியவர்களிடமிருந்து மூளைக்காய்ச்சல் பரவியதை லண்டனிலும் பாரிஸிலும் சிங்கப்பூரிலும் கண்டுபிடித்தார்கள். இதெல்லாம் உனக்குப் பாடமாகவே வந்திருக்கும். பிறகு ஏன் உன் படிவத்தில் 'எந்த ஊர், எந்தத் தெரு' என்ற கட்டம் பாதிக்கு மேல் காலி?

அந்தக் காலத்தில் இந்தக் கோயிலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம். படுத்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வருவார்கள், இல்லை தொற்றுநோய் மருத்துவமனைக்கு வருவார்கள். இரண்டு வார்டு பார்த்தால் திருவிழாவின் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடும். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது. தேரடியில் ஏறுகிறவர் கிண்டியிலோ மீனம்பாக்கத்திலோ இறங்கி, அங்கே தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்வார். நீயோ இன்னும் ஸ்டான்லிக்கு மட்டும் போன் பண்ணிக் கேட்டிருக்கிறாய்.

அடுத்தது வயது. 'ஐந்துக்குக் கீழ், ஐந்துக்கு மேல்' என்று இரண்டே கட்டம் போட்டிருக்கிறாய். இதைப் பார்த்தால் எனக்கு ரத்தம் கொதிக்கும். 1992 அக்டோபரில் இதே சென்னையில் புது வகைக் காலரா தலைகாட்டியது. ஓ139 என்று பிறகு எண் கொடுத்தார்கள். நான் அப்போது உத்தியோகத்துக்குப் புதிது, வார்டு வார்டாகப் போய்ப் பதிவேட்டைப் பார்த்து எழுதுவதுதான் வேலை. நடுவில் ஓட்டை போட்ட கட்டில், கீழே வாளி, வாளியில் அரிசி களைந்த தண்ணீர்போல ஒன்று. கட்டிலில் கிடந்தவர்கள் மீன்பாடி வண்டி இழுக்கிறவர்கள், துறைமுகக் கூலிகள். காலரா ஓயாத ஊரில் பெரும்பாலும் குழந்தைகள்தான் படுக்கும். வளர்ந்த உடம்புக்குப் பழைய கிருமி பழக்கம். நாற்பது வயது ஆள் வரிசையாக விழுந்தால், வந்திருப்பது பழக்கமில்லாத ஒன்று. என் சீனியர் வயதுகளை மட்டும் தனித்தாளில் எழுதச் சொல்லி, அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துத் தினமும் பார்ப்பார். பரிசோதனைச் சாலை பேசுவதற்கு முன்னால் அந்தத் தாள் பேசியது. உன் இரண்டு கட்டத்தில் அந்த ஆட்கள் எல்லாரும் 'ஐந்துக்கு மேல்' என்று ஒரே எண்ணாகப் போயிருப்பார்கள்.

ஐஸ் பற்றி நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்று ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். பரவாயில்லை, கேள். நான்கு மாடவீதியிலும் தண்ணீரில் குளோரின் பார்த்திருக்கிறாய், 0.2 பிபிஎம் குறையாமல் இருந்திருக்கிறது, நல்லது. சர்பத் வண்டிக்காரர் கோணிக்குள் சுற்றி வைத்திருந்த பார் ஐஸை ஏன் பார்க்கவில்லை? மீனுக்கென்று உறைய வைத்த கட்டி, லாரித் தரையில் இழுபட்டு, ஆணியால் உடைபட்டு, டம்ளருக்குள் விழுகிறது. உறைந்தால் கிருமி செத்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிறு விடியற்காலையில் போய் நில். எந்தக் கட்டி மீன்கூடைக்குப் போகிறது, எது மூன்று சக்கர வண்டியில் ஏறி வெளியே போகிறது என்று கண்ணால் பார். அப்படியே அந்தக் கூட்டத்தையும் பார். வாரா வாரம் அங்கே ஒரு திருவிழா நடக்கிறது, அதற்கு முகாமும் கிடையாது, ரிஜிஸ்டரும் கிடையாது.

இவ்வளவு திட்டியும் உன் அறிக்கையை இரண்டு பேருக்கு நகலெடுத்து அனுப்பியிருக்கிறேன். காரணம் நான்காம் பக்கம். மூச்சுத்திணறலோடு வந்த ஒவ்வொருவருக்கும் வந்த நேரத்தையும், அந்நேரம் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதையும் எழுதியிருக்கிறாயே, இத்தனை வருட வேலையில் ஒரு முகாம் பதிவேட்டிலும் நான் அதைக் கண்டதில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் அமோனியா கசிந்து பெரியகுப்பம் சனம் கண் எரிந்து தெருவுக்கு ஓடி வந்ததே, அதை மறக்காதவன்தான் இப்படிக் கட்டம் போடுவான். எந்த இருமல் கிருமியால், எந்த இருமல் வடக்கே இருக்கிற ஆலைகளால் என்று பிரிக்க இந்தப் பகுதியில் வேறு வழியே இல்லை. அற்புதமான வேலை. எவர் சொன்னாலும் அந்தக் கட்டத்தை எடுத்துவிடாதே.

மாசி பிரம்மோற்சவத்துக்கு முன் படிவத்தைத் திருத்து. வயது முழு எண்ணாக வேண்டும். தெருப் பெயரும் போன் நம்பரும் வேண்டும். கடைசி நாளிலிருந்து 21 நாள் வரை, வந்தவர்களில் கொஞ்சம் பேரையாவது கூப்பிட்டு விசாரிக்க ஒரு ஆளைப் போடு. வேறு யாரும் இல்லையென்றால் நான் வருகிறேன், வீட்டில் சும்மாதான் இருக்கிறேன். மீனம்பாக்கம் வரைக்கும் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கடிதம் போட வேண்டும். வரைவை வியாழக்கிழமைக்குள் அனுப்பு. 'நோய்ப் பரவல் இல்லை' என்ற வரியை அடித்துவிட்டு, '21 நாள் வரை பார்க்கவில்லை' என்று எழுதி அனுப்பு.