‘ஈர்’ படிக்கும் மாப்பிள்ளைக்கு

அன்பு மாப்ளே,

‘ஈர்’, அதாவது ‘போதல்’ என்ற ஒரு வினைக்கு நிகழ்காலத்தில் ‘வோய்’, இறந்தகாலத்தில் ‘ஃபூய்’, வழக்கமாகப் போய்க்கொண்டிருந்ததற்கு ‘ஈபா’. ஸ்பானிஷ்காரர்களுக்கு ஒழுங்கே கிடையாதா என்று கேட்டிருக்கிறாய். கோபப்படாதே. லத்தீனில் தனித்தனியாக இருந்த மூன்று வினைகள் இங்கே ஒன்றாகிவிட்டன. ‘வோய்’ ஒரு வினையின் பிள்ளை. ‘ஈபா’வும் ‘ஈர்’ என்ற பெயரும் இன்னொன்றின் பிள்ளைகள். ‘ஃபூய்’ நம் ‘இரு’ போன்ற வினையிலிருந்து வந்தது.

“அப்படியானால் ‘ஃபூய்’ என்றால் போனேனா, இருந்தேனா?” இரண்டும்தான். பின்னால் வருவதைப் பார். ‘ஃபூய் ஆ மதுரை’ என்றால் மதுரைக்குப் போனேன். ‘ஃபூய் மாயெஸ்த்ரோ’ என்றால் வாத்தியாராக இருந்தேன். நம் ‘கு’ உருபின் வேலையை அந்த ‘ஆ’ செய்கிறது. அவசரத்தில் நீ அதை விழுங்கிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா!

ஸ்பானிஷில் ‘வ’வை ‘பஸ்’ஸின் ‘ப’ போல உச்சரிப்பார்கள். ‘வோய்’ காதில் கிட்டத்தட்ட ‘போய்’ என்று விழும். உடனே தமிழிலிருந்துதான் போனது என்று கிளம்பிவிடாதே. அது தற்செயல். ‘அவன் போகிறான்’ என்பதற்கு அவர்கள் ‘வா’ என்று எழுதுகிறார்களே, அதற்கு என்ன சொல்வாய்?

நீ உண்மையில் தடுக்கி விழப்போவது வேறு இடத்தில். திருமங்கலத்தில் அம்மா கூப்பிட்டால் “இந்தா வர்றேன்” என்கிறாய். ஸ்பானிஷில் அதற்கு ‘யா வோய்’, “இதோ போகிறேன்”! அவர்களுக்குப் பேசுகிறவன் நிற்கும் இடம்தான் கணக்கு; அங்கிருந்து கிளம்பினால் அது போதல்தான். நாம் கேட்கிறவர் நிற்கும் இடத்தையும் சேர்த்துக்கொள்கிறோம். இதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே வகுத்து வைத்திருக்கிறார்: வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும், செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கும். எனக்கு அந்தப் பகுதி மிகவும் பிடிக்கும். ஒருமுறை உட்கார்ந்து படி. ஆனால் அந்தப் பழக்கத்தில் “வர்றேன்” என்பதற்கு ‘வேங்கோ’ போட்டுவிடாதே.

கிளம்பும்போதும் அங்கே ‘மே வோய்’ என்று சொல்லலாம். “போறேன்னு சொல்லாதே” என்று யாரும் வாயை அடைக்க மாட்டார்கள்.

வோய், வாஸ், வா, வாமோஸ், வாய்ஸ், வான். ஆறையும் எழுதிப் பார். ஐந்தாவது பெரும்பாலும் ஸ்பெயினில்தான் வழங்குகிறது. மெக்சிகோவில் “நீங்கள் எல்லோரும்” என்றாலும் ‘வான்’தான். நீ எந்த ஊர்க்காரரிடம் பேசப்போகிறாய் என்று எழுது, மிச்சத்தைச் சொல்கிறேன்.

உன் மாமா